பொன்னுவேலின் வலது கை

முதலில் வந்தது வாசம்தான். மதியத்துக்கு மேல் மலையில் பனி இறங்கி, பத்தடி தள்ளி நிற்கிற மரம்கூடத் தெரியாத நேரம். சரிவில் முன்னால் வெள்ளையனும் பின்னால் பொன்னுவேலும் நடந்துகொண்டிருந்தார்கள். இருவரும் சந்தனக் காட்டைக் காவல் காக்கத் தினக்கூலிக்குப் போகிற வாட்சர்கள். புதிதாய் அறுத்த சந்தனக் கட்டையின் வாசம் பனியோடு கலந்து மூக்கில் ஏறியதும் வெள்ளையன் கையைத் தூக்கி நில் என்று காட்டினான். சத்தம் எதுவும் இல்லை. திருடர்களும் இவர்கள் காலடியைக் கேட்டு ரம்பத்தை நிறுத்தியிருக்க வேண்டும்.

இன்னும் நாலு எட்டு வைத்தபோது அவர்கள் எதிரிலேயே நின்றார்கள். எத்தனை பேர் என்று பொன்னுவேலால் பிற்பாடும் சொல்ல முடிந்ததில்லை. யாரப்பா அது என்று வெள்ளையன் கேட்டு முடிப்பதற்குள் ஒரு கோடாரி அவன் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறங்கியது. அலுப்பில் உட்காருகிறவனைப் போல அவன் அப்படியே கீழே உட்கார்ந்தான். அவனை வெட்டியவன் கோடாரியைப் பிடுங்கிக்கொண்டு பொன்னுவேல் பக்கம் திரும்பினான்.

பொன்னுவேல் இடுப்பிலிருந்த கொடுவாளை உருவி வீசினான். அது அந்த ஆளின் முழங்கைக்குக் கீழே பட்டது. கோடாரி நழுவி விழுந்தது. பொன்னுவேலுக்கு நினைவிருப்பது அதுவரைக்கும்தான்.

மீண்டும் நினைவு வந்தபோது இரண்டு பேர் அவனுடைய வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கீழ்க்காட்டில் மாடு மேய்த்தவர்கள், அலறல் கேட்டு ஓடி வந்திருந்தார்கள். திருடர்களில் மற்றவர்கள் ஓடிப்போய்விட்டார்கள். எதிரே கிடந்தவனுக்கு முகம் என்று ஒன்று இல்லை. உயிர் போய் வெகு நேரம் ஆன உடம்பைத்தான் நீ வெட்டிக்கொண்டிருந்தாய் என்று அவர்கள் சொன்னார்கள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கொடுவாளை வாங்க முடிந்ததாம். வெள்ளையன் உட்கார்ந்த நிலையிலேயே மரத்தில் சாய்ந்து செத்திருந்தான்.

இது எண்பத்து நாலாம் வருசம். அதற்கு முன்னால் அவன் ஊரான செம்மநத்தத்தில் பொன்னுவேல் என்றால் சாதுவான ஆள் என்று பெயர். சாமையும் ராகியும் விளைகிற கொஞ்சம் நிலம், வீட்டுக்குப் பின்னால் சில காப்பிச் செடிகள், மனைவி அத்தாயி, கைக்குழந்தையாக மகள் அமுதா. மலைச்சாமி சேர்வராயனுக்குக் கிடா வெட்டும்போது கயிற்றைப் பிடித்துக்கொள்வானே தவிர, வெட்டு விழும் நேரம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். நோம்பி, பண்டிகை நாளில் கோழி அறுப்பதுகூட அத்தாயிதான்.

போலீஸ் விசாரித்தது. தற்காப்புக்குச் செய்தது என்று வழக்கு முடிந்தது. அதற்குப் பிறகுதான் ஊர் அவனைப் பிடித்துக்கொண்டது. ஏற்காட்டு மைதானத்தில் ஒரு விழா நாளில் மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். ஏற்காட்டு ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கினால் டீக்கடைக்காரர் கூப்பிட்டுப் பஜ்ஜி வைத்தார், காசு வாங்கவில்லை. மலை பார்க்க வந்தவர்களிடம், இவர்தான் ஒத்தை ஆளாய் ஒரு கூட்டத்தையே விரட்டியவர் என்று காட்டினார்கள். எத்தனை வெட்டு வெட்டினான் என்பது பேச்சுக்குப் பேச்சு கூடிக்கொண்டே போனது. எப்படி வெட்டினீர்கள், கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்கிறவர்களிடம் அவன் ஆரம்பத்தில் எதையோ சொன்னான். தனக்கு நினைவில்லாத இடத்தை அவர்கள் சொன்னதைக் கொண்டே அடைத்தான். சொல்லச் சொல்ல அந்த இடம் பெரிதாகிக்கொண்டே போனது. அதற்குள் என்ன இருக்கிறது என்ற நினைப்பு வந்தால் எழுந்து நடந்துவிடுவான்.

அந்த ஆண்டு கடைசியில் ஒரு காலைநேரம். கொல்லையில் குனிந்து செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவனின் பின்னங்காலில் எதுவோ ஈரமாய் உரசியது. அடுத்து அவனுக்குத் தெரிந்தது அத்தாயி வாசற்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்ததுதான். மண்வெட்டி அவன் கையில் இருந்தது. குட்டியிலிருந்து அவன் சோறு போட்டு வளர்த்த கருப்பு நாய் மண்ணோடு மண்ணாய்க் கிடந்தது. ஒரே அடியில் செத்திருக்கும். ஆனால் ஒரே அடியோடு நிற்கவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

அவனே குழி வெட்டிப் புதைத்தான். அன்றிலிருந்து தன் வலது கையை அவன் வேறொருவருடைய கையைப் போலப் பார்க்கத் தொடங்கினான். சாப்பிடும்போது அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். படுக்கும்போது அதன்மேல் படுத்துக்கொண்டான், விடிகையில் மரத்துப் போயிருக்கும்.

அடுத்தது அத்தாயியின் தம்பி கல்யாணம். வரவேற்க நின்ற மாமன் முறைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே சந்தனக் கிண்ணத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். அந்த வாசம் மூக்கில் பட்டதுதான் தாமதம். கிண்ணம் எங்கோ பறந்தது. பெரியவரைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றி, பந்தல்கால் ஓரம் கிடந்த கல்லை எடுத்து ஓங்கிவிட்டான். மாப்பிள்ளைப் பையனும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து இழுக்காவிட்டால் அந்தக் கல் இறங்கியிருக்கும். பெரியவருக்கு விலா எலும்பு ஒன்று உடைந்தது. வீரன் வீரன் என்று சொன்ன அதே வாய்கள், ரத்த ருசி பார்த்தவன் என்று அன்று சொல்லின.

காட்டு வேலையை விட்டான். எஸ்டேட்டில் கிளை கழித்து மரம் கவாத்து பண்ணுகிற சத்தம் கேட்டாலே உடம்பு வேர்த்து ஊற்றியது. சாராயம் குடித்தான். குடித்தால் கை ஓய்ந்து கிடக்கும், தெளிந்தால் முன்னைவிட மோசமாகும். கோயிலில் கயிறு கட்டினார்கள். சேலத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் கொடுத்த மாத்திரை தூங்க வைத்தது, அவ்வளவுதான். தூக்கத்தில் வந்ததை அது நிறுத்தவில்லை.

ஒருநாள் மாலை விளையாட்டாய்ப் பின்னாலிருந்து ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள் அமுதா. கை எழுவதை அத்தாயி பார்த்துவிட்டாள். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு நடுவில் விழுந்தாள். அடி அவளுடைய தாடையில் இறங்கியது. இரண்டு பற்கள் தெறித்தன. வாயில் ரத்தத்தோடு மகளைத் தூக்கிக்கொண்டு, மாற்றுச் சேலைகூட எடுக்காமல், அவள் தன் தாய்வீட்டுக்கு நடந்தாள். போகும்போது அவள் அழவில்லை, திட்டவில்லை. அதுதான் அவனைத் தின்றது.

அவன் அன்று இரவே கொல்லை அடுப்பில் வலது கையை வைத்தான். வேகட்டும் என்றுதான் வைத்தான். தோல் கருகிய நாற்றம் வந்ததும் கை தானாகவே வெளியே வந்துவிட்டது. தன் பேச்சைக் கேட்காத கை, தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்கிறது என்று நினைத்து அவன் அழுதான்.

கொப்புளம் ஆறிய பிறகு ஏற்காட்டில், ஏரிக்கு மேலே இருந்த ஒரு சிறிய ஓட்டலில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. வாட்டசாட்டமான ஆள், பழைய வீரன் என்று பெயரும் இருக்கிறது என்பதால் முதலாளி சேர்த்துக்கொண்டார். கேட்டைத் திறக்க வேண்டும், மூட வேண்டும். யாரும் பின்னால் வராதபடி சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்துகொள்ளலாம். அது அவனுக்குப் பிடித்தது. அங்கே சமையல்காரர் மரியஜோசப். வடக்கே ராணுவ மெஸ்ஸில் சமைத்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். பொன்னுவேலுக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது தூரத்திலிருந்தே இருமிவிட்டு வருவார். அந்த இருமல் எதற்கென்று இருவருமே பேசிக்கொண்டதில்லை.

தொண்ணூறாம் வருசம் ஓட்டல் கூடத்தில் கலர் டிவி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கியிருப்பவர்களின் குழந்தைகள் அதன் முன்னால் கூடிவிடுவார்கள். வரைந்த பொம்மைகள் நடமாடுகிற கதை ஒன்று வாராவாரம் வந்தது, இந்தியில். பொன்னுவேல் கூடத்தின் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தான். ஒரு பையன், கையில் வாள், மலைக்குகையில் வசிக்கிற அரக்கனைத் தேடிப் போகிறான். அரக்கனைக் கொல்கிறான். ஊரே மேளம் கொட்டி அவனைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறது. பொன்னுவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டான்.

ஆனால் அடுத்த வாரம் அவன் கண்ணில் பட்டது வேறு. அதே பையன் வாளைக் கையில் எடுக்க மாட்டாமல் பின்வாங்கினான். அவன் குதிரை செல்லமாய் முகத்தால் இடிக்க, திரும்பி அதன் முகத்தில் ஓங்கிக் குத்தினான். குதிரை விலகிப் போய் நின்று அவனையே பார்த்தது. பையன் ஒரு பாறை இடுக்கில் போய்ச் சுருண்டுகொண்டான். குழந்தைகள் சலித்துப்போய் ஓடிவிட்டார்கள். பொன்னுவேல் கூடத்துக்குள் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். வெறும் வர்ணப் பூச்சு, உயிரில்லாத பொம்மை. அதனுடைய கை குதிரைமேல் எழுந்தது அவனுடைய கை எழுகிற மாதிரியே இருந்தது. தனக்கு வந்தது வேறு எவனுக்கும் வரும் என்று அதுவரை அவனுக்குத் தோன்றியதே இல்லை. யாரோ எங்கோ உட்கார்ந்து இதை வரைந்திருக்கிறான் என்றால், அவனுக்கு இது தெரிந்திருக்கிறது.

அதற்கும் அடுத்த ஞாயிறு மரியஜோசப்பை அடுப்படியிலிருந்து கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்தான். பையன் மறுபடியும் மலையேறிக்கொண்டிருந்தான். கையில் வாள் இல்லை.

"ஏனுங்கண்ணா, எங்க போறான் அவன்? இன்னொருத்தனக் கொல்லவா?"

மரியஜோசப் அந்த இந்தியைக் கேட்டுவிட்டுச் சொன்னார். "இல்ல பொன்னுவேலு. அந்த அரக்கன் இருந்த எடத்தப் பாக்கப் போறானாம். நான் கொன்னது யாருன்னே எனக்குத் தெரியாது, தெரியாதவன எப்படி மறக்கறதுன்னு குதிரைகிட்டச் சொல்றான்."

பையன் குகை வாசலில் கால் வைத்தான். கரண்ட் போய்விட்டது. மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த வாரத்திலிருந்து அந்த நேரத்தில் வேறு ஏதோ நிகழ்ச்சி போட்டார்கள். குகைக்குள் பையன் என்ன பார்த்தான் என்பது பொன்னுவேலுக்குத் தெரியாமலே போயிற்று.

அன்று அவன் கையால் செத்தவனின் பெயர் சடையன், மாரமங்கலத்துக்காரன் என்பது விசாரணையின்போதே அவன் காதில் விழுந்ததுதான். அந்தப் பக்கம் பஸ் ஏறியதில்லை. தை பிறந்ததும் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு ஏறினான். மரியஜோசப் தடுக்கவில்லை. கத்தி கித்தி வைத்திருக்கிறாயா என்று மட்டும் கேட்டார். இல்லை என்று இடுப்பைத் தட்டிக் காட்டினான்.

விசாரித்துப் போனபோது சடையனின் மனைவி காளியாயி சரிவில் ராகிக் கதிர் அறுத்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, வெயிலில் கறுத்த முகம். இடுப்பை நிமிர்த்தி, யாருங்க, என்ன வேணும் என்று மரியாதையாகத்தான் கேட்டாள். ஊரைச் சொன்னான். பெயரைச் சொன்னான். அவள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எதுக்கு வந்த?"

"அவரு இருந்த ஊட்டப் பாக்கலாம்னு வந்தேனுங்க."

அவள் கதிர் அறுத்த கருக்கரிவாளோடு மேலே பாய்ந்தாள். முதல் வெட்டு அவனுடைய இடது தோளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. இரண்டாவதை முகத்துக்கு வீசினாள். அவன் தலையைச் சாய்க்கவும் காதோரம் கிழிந்தது. கீழே விழுந்தான். அவள் மேலே ஏறி உட்கார்ந்து அரிவாளின் பிடியால் வாயிலும் மூக்கிலும் மாறி மாறி இடித்தாள். கைக்கு எட்டின மண்ணை அள்ளி வாயில் திணித்தாள். அவள் போட்ட சத்தம் பேச்சாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை. பொன்னுவேல் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அது ராகித் தாளின் மேல் விரிந்து கிடந்தது. எழப் போகிறது, இப்போது எழப் போகிறது, இவள் கழுத்தைப் பிடிக்கப் போகிறது என்று காத்திருந்தான். அது எழவில்லை. விரல்கள் தாளைப் பிடித்தன, விட்டன. அவ்வளவுதான்.

அக்கம்பக்கத்துக் காட்டிலிருந்து ஆட்கள் ஓடி வருவதற்குள் அவள் தானாகவே ஓய்ந்துவிட்டாள். எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தாள். ஓடி வந்தவர்கள் ஆளை அடையாளம் கண்டு, இவனை இங்கேயே முடித்துவிடலாம் என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். காளியாயிதான் விடச் சொன்னாள். இன்னொரு பொணம் எடுக்க இந்தக் காட்டில் இடமில்லை என்றாள்.

போகிறவனைக் கூப்பிட்டு ஒன்று கேட்டாள். "அவரு ஏதாச்சும் சொன்னாராடா? கடேசியா?"

ஒண்டிக்கடையில் எத்தனையோ தடவை அளந்த கதை நாக்கு நுனியில் இருந்தது. அவன் மண்ணைத் துப்பினான்.

"எனக்கு நெனவில்லீங்க. கையில வெட்டு பட்டதும் கோடாரி உழுந்துச்சு. அதுக்கப்பறம் என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. அன்னக்கிருந்து தேடிப் பாக்கறேன், கெடைக்கல."

அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள். வீட்டை அவன் பார்க்கவில்லை. காட்டு வழியே ரோட்டுக்கு வரும்போது, கூரை ஒன்று தெரிந்தது, வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அது அவளுடையதுதானா என்று யாரிடமும் கேட்கவில்லை.

தோளில் தையல் போட்டுக்கொண்டு, கட்டோடு நேராக மாமியார் வீட்டுக்குப் போனான். வாசலைத் தாண்டி உள்ளே போகாமல் நின்றபடி, நடந்ததை அத்தாயியிடம் சொன்னான். என்னை அடித்தாள், என் கை எழவில்லை என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். அத்தாயி உடனே நம்பிவிடவில்லை. அடுத்தவ அடிச்சா எழாத கை பெத்த புள்ள கட்டிப்புடிச்சா எழும்புதே, அதுக்கு என்ன சொல்றீங்க என்று கேட்டாள். மறு அறுவடைக்குப் பிறகுதான் அவள் மகளோடு செம்மநத்தத்துக்குத் திரும்பினாள். வந்தபோது சில ஏற்பாடுகளோடு வந்தாள்.

யாரும் அவனுக்குப் பின்னாலிருந்து வரக்கூடாது. பத்தடி தள்ளி வரும்போதே பேசிக்கொண்டு வர வேண்டும். அமுதாவுக்கு அதை விளையாட்டுப் போலப் பழக்கினாள். அவன் படுக்கை வேறு அறையில். வெட்டுகிற அரிகிற சாமான் எதுவும் அவன் கண்ணெதிரே இருக்காது. உடம்பு வேர்த்துக் கண் நிலைகுத்துவதை அவள் பார்த்தால், கிட்டே போகாமல் வாசலில் நின்றுகொண்டு கேட்பாள்:

"ஏனுங்க, இப்ப என்ன சத்தம் கேக்குது? சொல்லுங்க."

அவன் சொல்ல வேண்டும். முதலில் பேச்சு வராது. கேட்டுக்கொண்டே இருப்பாள். கோழிங்க, பஸ்ஸுங்க, எஸ்டேட்டுல சில்வர் ஓக் கிளை கழிக்கறாங்க, அது கொடுவாளுங்க, கிளையைத்தான் வெட்டுது, ஆளையில்ல என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல மூச்சு இறங்கும். இதை எந்த டாக்டரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. மிரண்ட மாட்டிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிற மாதிரி செய்து பார்த்ததாக அவள் பிற்பாடு சொன்னாள்.

அவன் குணமாகிவிட்டான் என்று சொல்ல முடியாது. காளியாயி ஏறியிருக்கிற பஸ்ஸில் சில சமயம் அவனும் ஏற நேரும். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள், அவன் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்துவிடுவான். தொண்ணூற்று மூன்றில் ஓட்டலில் குடித்துவிட்டு ரகளை செய்த ஒருவன் மரியஜோசப்பின் தலையில் பாட்டிலால் அடித்தபோது, பொன்னுவேல் அவனை மூங்கில் கழியால் இரண்டு கையும் ஒடிந்து தொங்குகிற அளவுக்கு அடித்துவிட்டான். மரியஜோசப் ரத்தம் வழிகிற தலையோடு தூரத்தில் நின்று சத்தமாக இருமினார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். அன்று கழி நின்றது. கொஞ்சம் தாமதமாக நின்றது. அடிபட்டவனின் ஆட்கள் கேஸ் போடுவோம் என்றார்கள், பாட்டில் விசயம் வெளியே வரும் என்றதும் போய்விட்டார்கள். பொன்னுவேல் அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை, காப்பிச் செடிகளோடு வீட்டிலேயே இருந்துவிட்டான்.

இரண்டாயிரத்து மூன்றில் அமுதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் பழைய கதையைக் கேள்விப்பட்டிருந்தார். மாமா அந்தக் காலத்தில் பெரிய வீரராமே, கொஞ்சம் சொல்லுங்கள் என்றார். அத்தாயி காப்பித் தட்டோடு கதவருகே நின்றுவிட்டாள். பொன்னுவேல் வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டான். என்னோடு வந்தவன் பெயர் வெள்ளையன், அவனைக் கொன்றவன் பெயர் சடையன், இரண்டு பேருக்கும் குடும்பம் இருந்தது என்றான். கேட்டவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அத்தாயி எப்போதும்போல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே உள்ளே வந்து, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு, காப்பியைக் கொடுத்தாள்.